வீட்டுப் பட்டறையில் பழைய லேத்: வாங்குவது முதல் நண்பர்கள் முன் கடைந்து காட்டுவது வரை

பழைய லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் பலர் முதலில் செய்வது பெயின்ட் அடிப்பதுதான். பச்சையோ சாம்பலோ பளபளக்க, சக்கை, அதாவது ராடைப் பிடித்துச் சுழற்றும் தலையை, ஓடவிட்டுப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். பிறகு விவரம் தெரிந்த ஒருவர் நேரில் வருகிறார். பெயின்டை அவர் பார்ப்பதே இல்லை. டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு ராடு கடைந்து காட்டுங்களேன்” என்கிறார். கடைந்த ராடு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் வருகிறது.

பெங்களூரில் கணினி வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் லேத் ஓட்டும் தமிழர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆர்வத்திலோ பணத்திலோ குறை இல்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள். அந்த வரிசையைக் கீழே தருகிறேன். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் பெரும்பாலும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

1. லேத்துக்கு முன்னால் இடம்

இரண்டாம் மாடியில் காலி அறை இருக்கிறது என்று பெரிய லேத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 கணக்கில் கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. நாலரை அடி பெட் (மற்ற பாகங்கள் ஏறி நிற்கும் நீண்ட அடித்தளம்) உள்ள வார்ப்பிரும்பு லேத் பல நூறு கிலோ இருக்கும். அந்த எடையும் நான்கு கால்களில் குவியும். மாடி என்றால் 40 கிலோ அளவிலான மேசை லேத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பெரியது வேண்டுமானால் தரைத்தளம், அதுவும் மண்மேல் போட்ட கான்கிரீட் தளம்.

மாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேத்தின் அதிர்வு தளம் வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். அடுக்குமாடிச் சங்கத்தின் முதல் கடிதம் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைந்ததைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

சுவரிலிருந்து ஒரு ஆள் நுழையும் அளவு இடம் விட்டு நிறுத்துங்கள். பெல்ட் மாற்ற, மோட்டாரைத் தொட, பின்பக்கப் போல்ட்டை இறுக்க அங்கே போயே ஆக வேண்டும். ஹெட் ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் முனைப் பெட்டி) பக்கமும் இடம் தேவை. நீளமான ராடு, சக்கைத் தாங்கிச் சுழலும் ஸ்பிண்டிலின் துளை வழியாக அந்தப் பக்கம் நீண்டு வரும்.

2. வாங்கப் போகும்போது

பீன்யா, ராஜாஜிநகர் தொழிற்பேட்டை, காமாட்சிபாளையம் பக்கங்களில் பழைய இயந்திரங்கள் கைமாறுகின்றன. ஹரிஹரில் செய்த கிர்லோஸ்கர், பெங்களூர் எச்எம்டி, ராஜ்கோட்டிலும் படாலாவிலும் வார்த்த சிறு லேத்துகள் என்று எல்லாம் வரும். பெயரை வைத்து விலை பேசாதீர்கள். நல்ல பெயர் பொறித்த லேத்தே மூன்று ஷிஃப்ட் ஓடித் தேய்ந்திருக்கலாம். பெயரில்லாத லேத் ஒரு பாலிடெக்னிக்கில் பாதி நாள் தூங்கியிருக்கலாம்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: காந்தத் தாங்கியுடன் 0.01 மி.மீ. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி), டார்ச், ஒரு அடி நீள மரக்கட்டை, பழைய துணி, ஸ்பேனர். முடிந்தால் அனுபவமுள்ள டர்னர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். பெங்களூர்ப் பட்டறைகளில் தமிழ் பேசும் மேஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை. “ஓடிக்கொண்டிருந்த மெஷின் சார், பிளக்கை மாட்டினால் போதும்” என்று விற்பவர் சொல்லும்போது, “அண்ணே, பெட்டைக் கொஞ்சம் துடைத்துக் காட்டுங்கள்” என்று கேட்க அவருக்குத்தான் வாய் வரும்.

முதல் சோதனை பெட். எந்த லேத்திலும் அதிக வேலை சக்குக்கு அருகே நடப்பதால் பெட் அங்கேதான் தேயும். கேரேஜை, அதாவது டூலைச் சுமந்து பெட்மேல் ஓடும் பகுதியை, டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் ராடைத் தாங்கும் பகுதி) பக்கம் தள்ளி, கேரேஜின் அடித்தட்டுத் திருகுகளை லேசாக இறுக்கி, சக்கை நோக்கி உருட்டிவாருங்கள். தொடங்கிய இடத்தில் இறுக்கமாக இருந்தது சக்கருகே தளர்ந்து ஆடினால், அந்த வித்தியாசமே தேய்மானம். சிறிதளவு இருக்கத்தான் செய்யும். கேரேஜைப் பிடித்துத் தூக்கினால் கையில் தெரியும்படி ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். தேய்ந்த பெட்டை மறுபடி கிரைண்டிங் செய்யும் செலவு லேத்தின் விலையை எட்டிவிடும்.

அடுத்தது ஸ்பிண்டில். சக்கைக் கழற்றச் சொல்லி, டயல் முள்ளை ஸ்பிண்டில் மூக்கின் கடைந்த பரப்பில் வைத்துக் கையால் சுற்றுங்கள். சக்கில் ராடு பிடித்து அதன்மேல் அளந்தால் சக்கின் பிழையும் சேர்ந்து வரும். குற்றவாளி யார் என்று தெரியாது. பிறகு மரக்கட்டையை அடியில் கொடுத்து ஸ்பிண்டிலை மேலே நெம்புங்கள். முள் 0.01, 0.02 நகர்ந்தால் பேரிங்கைச் சரிசெய்து பிழைக்கலாம். 0.05ஐத் தாண்டினால் புதுப் பேரிங்கின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பல்சக்கரப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். உடைந்த பல்லை வெல்டிங் வைத்து ராவியிருந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். த்ரெட் (மரை) வெட்டும்போது கேரேஜை லீடு ஸ்க்ரூ என்ற நீண்ட திருகோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைப் போட்டு, கேரேஜை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

புதியவர்கள் கேட்க மறப்பது உதிரிகளை. நாலு ஜா சக் (நான்கு தாடைகளும் தனித்தனியாக நகரும் சக்), சேஞ்ச் கியர்கள் (மரை அளவை மாற்றும் பல்சக்கரங்கள்), ஸ்டெடி (நீண்ட ராடைத் தாங்கும் பிடி), ஃபேஸ் பிளேட் (பொருளைப் போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தகடு), டெயில் ஸ்டாக்கின் டெட் சென்டர் (ராடின் முனையைத் தாங்கும் சுழலாத கூர்முனை) ஆகியவை லேத்தோடு பிறந்தவை. தனித்தனியாகத் தேடினால் சேஞ்ச் கியர் கிடைக்காமலே போகலாம். “குடோனில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்” என்றால் பாதிப் பணத்தையும் அப்புறம் அனுப்புங்கள்.

3. ஏற்றி இறக்குதல்

லேத்துக்கு எடை முழுதும் ஹெட் ஸ்டாக் பக்கம், அதுவும் மேல்பாதியில். நடுவில் கயிறு கட்டித் தூக்கினால் தலைகுப்புறக் கவிழும். சக், டெயில் ஸ்டாக், மோட்டார் மூன்றையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். கேரேஜை டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பூட்டினால் எடை ஓரளவு சமனாகும்.

லீடு ஸ்க்ரூவிலோ அதையொட்டி ஓடும் ஃபீடு ராடிலோ கயிறு படக்கூடாது. அவை ஒருமுறை வளைந்தால் நேராக்குவது குதிரைக்கொம்பு. பெட்டுக்கு அடியில்தான் பட்டை கட்ட வேண்டும். இடத்துக்கு வந்த பிறகு கடப்பாரையும் மூன்று இரும்புக் குழாய்களும் போதும். குழாய்மேல் உருட்டியே எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். கை, கால் எதையும் அடியில் நுழைக்காதீர்கள். கட்டை நுழைக்கவும் நீளமான இன்னொரு கட்டையையே பயன்படுத்துங்கள்.

4. கழுவுவது, அவசியமானதை மட்டும் பிரிப்பது

இந்தக் கட்டத்தில் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். பழைய எண்ணெயும் வார்ப்பிரும்புத் தூளும் கலந்த கருஞ்சேறு ஸ்லைடுகளுக்குள் இருக்கும். அதோடு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் தேய்மானத்தைக் கூட்டும்.

மண்ணெண்ணெயோ டீசலோ, பிரஷ், பஞ்சுக் கழிவு போதும். கம்ப்ரசர் காற்று வேண்டாம். வெளியே இருக்கும் துகளை அது ஸ்லைடுக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் செலுத்திவிடும். கேரேஜ், கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்ட் ஸ்லைடு (கோணம் திருப்பி வைக்கும் மேல் ஸ்லைடு) மூன்றையும் பிரித்துக் கழுவுங்கள். ஒவ்வொரு திருகையும் கழற்றுமுன் படம் எடுத்து, பெயரெழுதிய பைகளில் போடுங்கள். ஹெட் ஸ்டாக் ஸ்பிண்டிலை மட்டும், சோதனையில் குறை தெரிந்தாலொழிய, கழற்ற வேண்டாம். பேரிங் இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது தனிக் கலை.

பெட்டில் துரு இருந்தால் மென்மையான துருநீக்கும் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். எமரி பேப்பர் போட்டுப் பளபளப்பாக்கினால் எமரித் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கி, பிறகு கேரேஜின் அடியைத் தின்னும். பெட்டில் பழைய செதுக்குத் தடங்கள், அதாவது பிறை பிறையாகத் தெரியும் ஸ்கிரேப்பிங் குறிகள், இருந்தால் அவை அழுக்கு அல்ல. எண்ணெய் தங்குவதற்காகக் கைவேலையாகப் போட்டவை. அவற்றைத் தேய்த்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேரேஜின் நான்கு மூலைகளிலும் இருக்கும் ஃபெல்ட் வைப்பர்களை மாற்றுங்கள். மலிவான வேலை, பெட்டின் ஆயுளைக் கூட்டும். பிறகு ஸ்லைடுகளுக்கு 68 தர ஸ்லைடுவே எண்ணெய். ஹெட் ஸ்டாக்குக்கு எந்த எண்ணெய் என்று அதன் தகடோ கையேடோ சொல்வதைக் கேளுங்கள்.

5. மின்சாரம்

பழைய லேத்தில் பெரும்பாலும் மூன்று பேஸ் (மும்முனை) மோட்டார் இருக்கும். பல வீடுகளில் ஒரு பேஸ் 230 வோல்ட்தான் வரும். மோட்டாரை மாற்றலாம், அல்லது ஒரு பேஸை உள்வாங்கி மூன்று பேஸ் தரும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) வைக்கலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதால் இரண்டாவதே என் தேர்வு.

வாங்குமுன் மோட்டார் தகட்டைப் படியுங்கள். டெல்டா, ஸ்டார் என்பவை மோட்டார்ச் சுருள்களை இணைக்கும் இரு முறைகள். 230 டெல்டா, 415 ஸ்டார் என்று இரண்டும் இருந்தால் இணைப்பை டெல்டாவுக்கு மாற்றிச் சிறிய விஎஃப்டியில் ஓட்டலாம். 415 டெல்டா என்று மட்டும் இருந்தால் அந்த மோட்டார் 230இல் முழு வலுவோடு ஓடாது. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே முன், பின் திருப்பும் பழைய டிரம் ஸ்விட்சை விட்டுவைத்து ஓடும்போது திருப்பினால் விஎஃப்டி செத்துப்போகும். முன், பின் கட்டளைகளை விஎஃப்டியின் கட்டுப்பாட்டு முனைகளுக்கே கொடுங்கள்.

உங்கள் சக் மரையில் திருகி மாட்டும் வகை என்றால் நிறுத்தும் நேரத்தையும் திருப்பும் நேரத்தையும் நிதானமாக அமையுங்கள். படக்கென்று பிரேக் போட்டால் ஸ்பிண்டில் நிற்கும். சக் தன் வேகத்தில் சுற்றிக் கழன்று பெட்மேல் விழும்.

நேரடி ஒரு பேஸ் மோட்டார் என்றால் சாதாரண ஸ்விட்ச் வைக்காதீர்கள். கரண்ட் போய், நீங்கள் சக் சாவியை மாட்டிக்கொண்டிருக்கும்போது திரும்ப வந்தால் லேத் தானாகச் சுழலத் தொடங்கும். மின்சாரம் போனால் தானே விடுபட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் ஸ்டார்ட்டர் வேண்டும். எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். லேத் முழுதும் இரும்பு, நீங்கள் அதில் சாய்ந்து நிற்பீர்கள்.

6. ஜிப், பாக்லாஷ்

ஸ்லைடுகளின் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குவது ஜிப் பட்டை. அதன் திருகுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிறிது சிறிதாக இறுக்கி, ஸ்லைடு முழு நீளமும் ஒரே கனத்தோடு நகரும் வரை போங்கள்.

பாக்லாஷ் வேறு சங்கதி. கைப்பிடியைத் திருப்பியும் ஸ்லைடு நகராத அந்தக் கால் சுற்று, அரைக்கால் சுற்று பழைய லேத்தில் இருந்தே தீரும். அதை ஒழிக்க நட்டை இறுக்கிக்கொண்டே போவது வீண். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் ஒரு சுற்றுப் பின்வாங்கி மறுபடி முன்னே வாருங்கள். அளவு பிசகாது.

7. மட்டம் பார்த்தல்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். பெட் முறுக்கிக்கொண்டு நின்றால் டூல், ஸ்பிண்டில் அச்சுக்கு இணையாகப் போகாது; கடையும் ராடு கூம்பாகும். பூமிக்கு மட்டமாக இருப்பது இரண்டாம்பட்சம்தான். பெட்டின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று முறுக்கின்றி இருந்தால் போதும். ஸ்பிரிட் லெவல் அந்த முறுக்கைக் காட்டும் கருவி.

தச்சர் லெவல் இதற்கு உதவாது. ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் வேண்டும். விலை அதிகம், தெரிந்த பட்டறையில் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லெவலைக் கிராஸ் ஸ்லைடின்மேல் பெட்டுக்குக் குறுக்காக வையுங்கள். கேரேஜை ஹெட் ஸ்டாக் அருகே நிறுத்திக் குமிழைப் பாருங்கள். பிறகு டெயில் ஸ்டாக் முனைக்கு உருட்டி மறுபடி பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழ் ஒரே கோட்டில் நிற்கும் வரை டெயில் ஸ்டாக் பக்கக் கால்களின் போல்ட்டைத் திருகுங்கள், அல்லது மெல்லிய பித்தளை ஷிம் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நிமிடம் காத்திருந்து பாருங்கள். குமிழும் நிலைக்க வேண்டும், இரும்பும் அமர வேண்டும்.

எல் ஆங்கிளில் பற்றவைத்த ஒல்லியான ஸ்டாண்டின்மேல் இதைச் செய்து பயனில்லை. இன்று பார்த்த மட்டம் நாளை இருக்காது. கனமான ஸ்டாண்டு முதலில்.

8. டூலும் அதன் உயரமும்

பெங்களூர் எஸ்ஜேபி ரோட்டுக் கடைகளில் இன்சர்ட் டூல் (வெட்டு முனையைக் கழற்றி மாற்றும் டூல்) பெட்டியைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள். கார்பைடு இன்சர்ட் வேகமும் வலுவும் உள்ள லேத்தில் நன்றாக வெட்டும். அரை எச்பி லேத்தில் அது வெட்டுவதைவிடத் தேய்ப்பதே அதிகம். 10 மி.மீ. எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட் நான்கு, ஒரு பெஞ்ச் கிரைண்டர், ஒரு எண்ணெய்க்கல். இவ்வளவும் போதும்.

பக்கமும் முன்னும் 8 முதல் 10 டிகிரி சரிவு விட்டுத் தீட்டுங்கள். அந்தச் சரிவு இல்லையென்றால் வெட்டும் விளிம்புக்கு அடியில் இருக்கும் இரும்பு ராடில் உரசும். தீட்டும்போது பிட்டை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக் கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். மூக்கை எண்ணெய்க்கல்லில் லேசாக உருட்டுங்கள். ஊசி முனை என்றால் மரை போலக் கோடு விழும். பித்தளைக்குத் தனியாக ஒரு பிட் தீட்டி, அதன் மேற்பரப்பைத் தட்டையாக விடுங்கள். மேலே சாய்வு இருந்தால் பித்தளை டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

டூல் முனை ஸ்பிண்டில் மையத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். லேத் நிற்கும்போது டூல் முனைக்கும் ராடுக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மெதுவாக நெருக்கிப் பிடியுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. கடைசித் தீர்ப்பு ஃபேசிங், அதாவது ராடின் முனை முகத்தைத் தட்டையாகக் கடைவது: முகத்தின் நடுவில் சிறு முளை மிஞ்சினால் உயரம் இன்னும் தவறு.

வேகத்துக்கு ஒரே சூத்திரம். மீட்டரில் வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, ராடு விட்டத்தை 3.14ஆல் பெருக்கி வந்ததால் வகுங்கள். எச்எஸ்எஸ் டூலுக்கு மைல்டு ஸ்டீல் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 25 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 320 சுற்று. பித்தளைக்கு 60 மீட்டர் என்று கொண்டால் 760 சுற்று.

9. இரண்டு வளையச் சோதனை

லேத் கூம்பில்லாமல் கடைகிறதா என்று பார்க்கும் சோதனை இது. 30 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள ராடைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில் ஸ்டாக் தாங்கல் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் டெயில் ஸ்டாக்கின் பிழை சேர்ந்துவிடும். நடுப்பகுதியை ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்து, இரு முனைகளிலும் 20 மி.மீ. அகலத்தில் வளையம் போல விட்டுவிடுங்கள். ராடு முழுதையும் கடைவதைவிட இரண்டு வளையங்களை மட்டும் கடைவதால் டூல் நடுவில் மழுங்காது.

லேத்தை 20 நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பேரிங் சூடேறட்டும். டூலைப் புதிதாகத் தீட்டிக்கொள்ளுங்கள். இப்போது 0.1 மி.மீ.க்கு மிகாத ஆழத்தில், மெல்லிய ஆட்டோ ஃபீடில், வெளிமுனை வளையத்தைக் கடைந்து, கிராஸ் ஸ்லைடைத் தொடாமலே சக்கருகே உள்ள வளையத்தையும் கடையுங்கள். ஆழமாக வெட்டினால் வெளிமுனை டூலின் தள்ளலில் வளைந்து, இல்லாத பிழையைக் காட்டும்.

ராடு ஆறிய பிறகு மைக்ரோமீட்டரில் இரண்டையும் அளங்கள். வெர்னியர் இதற்குப் பத்தாது. வெளிமுனை பருமனாக இருந்தால் அங்கே டூல் அச்சிலிருந்து விலகிப்போகிறது என்று பொருள். டெயில் ஸ்டாக் பக்கத்தில் உங்கள் அருகிலுள்ள முன்காலைச் சிறிது உயர்த்துங்கள். பெட் பின்னோக்கிச் சாய்ந்து டூலை அச்சை நோக்கித் தள்ளும். வெளிமுனை மெலிந்திருந்தால் பின்காலை உயர்த்துங்கள். விட்டத்தில் தெரியும் வித்தியாசத்தில் பாதிதான் டூலின் உண்மையான விலகல் என்பதை மறந்து, பலர் போல்ட்டை இரண்டு மடங்கு திருகி மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

இரண்டு வளையத்துக்கும் நடுவே 0.02 மி.மீ.க்குள் வந்துவிட்டால் வீட்டுப் பட்டறைக்கு அருமையான லேத். தேய்ந்த பெட் என்றால் ஓரிடத்தில் சரியாகி இன்னோரிடத்தில் கெடும். அதை முறுக்கியே சரிசெய்யப் பார்க்காதீர்கள். நீங்கள் அதிகம் வேலை செய்யும் நீளத்துக்குச் சரியாக வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

அந்த ராடைத் தூக்கி எறியாதீர்கள். எண்ணெய் பூசி வைத்திருங்கள். லேத்தைப் பார்க்க வருகிறவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது அதுவும் மைக்ரோமீட்டரும்.

10. டெயில் ஸ்டாக்

இது ஒன்பதாவது படிக்குப் பிறகுதான். ராடை இரண்டு சென்டர்களுக்கு நடுவே பிடித்துக் கடைந்து அளங்கள். இப்போது வரும் கூம்பு டெயில் ஸ்டாக் பக்கவாட்டில் விலகியதால் வருவது. டெயில் ஸ்டாக் முனை பருமனென்றால் அதன் மேல்பகுதியைப் பக்கத் திருகுகளால் உங்களை நோக்கி நகர்த்துங்கள். பெட் முறுக்கை விட்டுவிட்டு டெயில் ஸ்டாக்கை முதலில் திருப்பியவர்கள் ஒரு பிழையால் இன்னொரு பிழையை மறைத்தவர்கள்; சக்கில் மட்டும் பிடித்துக் கடையும்போது அது வெளியே வரும்.

11. பெயின்ட்

இப்போது அடிக்கலாம். கடைந்த பரப்புகளையும் எண்ணெய்த் துளைகளையும் தகடுகளையும் டேப்பால் மூடிவிடுங்கள். எண்ணெயைத் தாங்கும் எனாமல் வாங்குங்கள். இந்தப் படியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

12. கடைந்து காட்டுவது

காட்டுவதற்குப் பித்தளைப் பம்பரம் நல்ல பொருள். சிறியது, விரைவில் முடியும், லேத் சரியாக இருக்கிறதா என்பதைச் சுழன்றே சொல்லிவிடும்.

தொடங்குமுன் பார்வையாளர்களை நிற்க வைக்கும் இடம் முக்கியம். சக் சுழலும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. எது பறந்தாலும் அந்தத் திசையில்தான் பறக்கும். டெயில் ஸ்டாக் பக்கமாக, இரண்டடி தள்ளி நிற்கட்டும். எல்லோருக்கும் கண்ணாடி. பித்தளைச் சில்லு சுருளாக வராது, மணல் போலத் தெறிக்கும். கையுறை, தொங்கும் துப்பட்டா, மணிக்கட்டுக் கயிறு, மோதிரம், கழுத்தில் ஊஞ்சலாடும் அலுவலக அடையாள அட்டை எதுவும் லேத் அருகே வரக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து நேராக வருகிறவர்களிடம் அந்த அட்டையைத்தான் அதிகம் பார்க்கிறேன். மலிவான எல்இடி விளக்கின் துடிப்பில், ஓடும் சக் நிற்பது போலத் தெரியும். லேத்துக்கு மேல் துடிப்பில்லாத விளக்கு ஒன்று போடுங்கள். சக் சாவியைச் சக்கில் விட்டுக் கையை எடுக்கவே கூடாது, ஒரு நொடிக்குக்கூட.

25 மி.மீ. பித்தளை ராடை மூன்று ஜா சக்கில் பிடித்து 40 மி.மீ. நீட்டி முகத்தை ஃபேசிங் செய்யுங்கள். வெளிப்பரப்பை 24 மி.மீ.க்குக் கடைந்து, காம்பவுண்ட் ஸ்லைடை 45 டிகிரிக்குத் திருப்பி, முனையைக் கூம்பாக்குங்கள். கூம்பின் நுனியை ஊசியாக விடாமல் சிறிது உருட்டுங்கள். ஊசி நுனி மேசையைத் துளைத்து நின்றுவிடும். பிறகு 30 மி.மீ. நீளத்தில் வெட்டி எடுங்கள். பார்ட்டிங் டூலில் வெட்டுவதென்றால் வேகத்தைப் பாதியாக்கி, கேரேஜைப் பூட்டி, டூலைத் தேவையான அளவே நீட்டுங்கள். சிறிய லேத் அதிர்ந்து அலறினால் ரோஷப்படாமல் மோட்டாரை நிறுத்தி, பெட்மேல் பலகை போட்டு, ஹேக்ஸாவால் அறுத்துவிடுங்கள்.

இப்போது திருப்பிப் பிடித்துத் தண்டு கடைய வேண்டும். மூன்று ஜா சக்கில் மறுபடி பிடித்தால் மையம் சற்றே விலகும். அந்தச் சிறு விலகல் போதும், பம்பரம் தள்ளாடும். அதனால் நாலு ஜா சக்கை மாட்டுங்கள். உண்மையான காட்சி இங்கேதான் இருக்கிறது.

பித்தளையில் தழும்பு விழாமல் இருக்க அலுமினியத் தகடு சுற்றிப் பிடித்து, டயல் முள்ளை உடம்பின்மேல் வையுங்கள். ஒன்றாம் ஜா முள்ளுக்கு நேரே வரும்போது ஒரு எண், எதிரே இருக்கும் மூன்றாம் ஜா வரும்போது இன்னொரு எண். வித்தியாசத்தில் பாதியளவு நகர்த்த வேண்டும். முள் குறைவாகக் காட்டும் பக்கத்து ஜாவைத் தளர்த்தி, அதன் பிறகே எதிர் ஜாவை இறுக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கத் தொடங்குவதால்தான் புதியவர்கள் அரை மணி நேரம் போராடுகிறார்கள். அடுத்து இரண்டாம், நான்காம் ஜாக்கள். மறுபடி முதல் ஜோடி. முள் முதலில் அரை மில்லிமீட்டர் துள்ளும், பிறகு கால், பிறகு ஒரு கோடு, கடைசியில் சக்கைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றினாலும் அசையாது. லேத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட அப்போது குனிந்து பார்க்கிறார்கள்.

தண்டை 5 மி.மீ.க்கு மெல்லிய வெட்டுகளாகக் கடையுங்கள். பளபளப்புக்கு எமரித் துணி பிடிப்பதானால் பெட்டைக் காகிதத்தால் மூடி, இரண்டு முனைகளையும் தனித்தனிக் கையில் பிடியுங்கள். விரலில் சுற்றிக்கொண்டால் துணியோடு விரலும் போகும். விருந்தினர் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க ஆசைப்பட்டால், ஆட்டோ ஃபீடு இல்லாமல், கிராஸ் ஸ்லைடைப் பூட்டிவிட்டுக் கேரேஜ் சக்கரத்தை மட்டும் கொடுங்கள். மோட்டார் பொத்தானுக்கு அருகே நீங்கள் நிற்க வேண்டும்.

எல்லோரும் போன பிறகு சில்லுகளைப் பிரஷ்ஷால் கூட்டுங்கள், கையால் வேண்டாம். பெட்டுக்கு எண்ணெய் பூசுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். பித்தளைச் சில்லைத் தனி டப்பாவில் சேருங்கள். இரும்போடு கலந்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் முழுதையும் இரும்பு விலைக்கே எடுப்பார்.